உங்களுக்குத் தெரியுமா? அண்டாவும் இங்கே, கோப்பையும் இங்கே: போர்ட்லண்டின் பீர்க் கூடங்கள்

அமெரிக்காவின் மேற்குக் கரையோர மாநிலமான ஓரிகனில் பெரிய நகரம் போர்ட்லண்ட். வில்லாமெட் ஆறு ஊரை இரண்டாகப் பகுத்து ஓடி, வடக்கே கொலம்பியா ஆற்றில் கலக்கிறது. பக்கத்து ஹில்ஸ்பரோவில் இன்டெல் ஆலைகள் இருப்பதால் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது பழகிய ஊர். இந்த நகரத்துக்கு 'பீர்வானா' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. பீரையும் நிர்வாணாவையும் சேர்த்துக் கட்டிய பெயர். பேட்டைக்குப் பேட்டை 'ப்ரூபப்' வைத்திருக்கும் ஊர் என்பதால் வந்த பெயர் அது. ஒரே கூரையின் கீழ் ஒருபக்கம் பீர் காய்ச்சி, மறுபக்கம் சாப்பாட்டோடு பரிமாறும் இடம்தான் ப்ரூபப். அண்டாவுக்கும் கோப்பைக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு கண்ணாடிச் சுவர் மட்டுமே இருக்கும். அந்தச் சுவருக்கு இருபுறமும் இருக்கும் சங்கதிகளில் சில இங்கே.

தண்ணீர்

1. பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் தண்ணீர்தான். போர்ட்லண்டின் தண்ணீர் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 42 கி.மீ. தொலைவில், ஹூட் மலைப் பக்கத்து 'புல் ரன்' காட்டிலிருந்து வருகிறது. 1895 ஜனவரியில் முதன்முதலாக ஊருக்குள் வந்த நீர் அது. மலையின் பனி உருகி வருவது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி மழைநீர். அந்தக் காட்டுக்குள் பொதுமக்கள் நுழைய முடியாது. காட்டைக் காத்ததால், நூறாண்டுக்கும் மேலாக வடிகட்டும் நிலையமே இல்லாமல், கிருமிநீக்கம் மட்டும் செய்து ஊருக்குக் குடிநீர் கொடுக்க முடிந்தது.

2. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். பீருக்கும் தண்ணீரின் குணம் அப்படித்தான் முக்கியம். புல் ரன் நீர் மிக மென்மையானது, தாதுக்கள் மிகக் குறைவு. செக் நாட்டின் பில்சன் ஊரில் வெளிறிய தங்கநிற லேகர் வகை பீர் பிறந்ததற்கும் இப்படிப்பட்ட மென்னீர் ஒரு காரணம். இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் பாணியில் கசப்பு எடுப்பாக நிற்கும் ஏல் வகை பீர் வேண்டுமென்றால், போர்ட்லண்டுக்காரர்கள் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்துக்கொள்கிறார்கள். இல்லாததைச் சேர்ப்பது எளிது. இருப்பதை நீக்குவதுதான் சிரமம்.

3. 1888-ல் நகரின் நடுவே 'ஸ்கிட்மோர் நீரூற்று' திறக்கப்பட்டது. அப்போதைய பெரிய பீர் ஆலை முதலாளி, ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஹென்றி வைன்ஹார்ட். திறப்பு விழா நாளில் தன் ஆலையிலிருந்து தீயணைப்புக் குழாய்கள் வழியாக பீரைக் கொண்டுவந்து நீரூற்றில் பாய்ச்சித் தருவதாக அவர் முன்வந்தாராம். வழியிலேயே ஜனங்கள் குழாயில் ஓட்டை போட்டுவிடுவார்கள் என்று நகர நிர்வாகம் மறுத்துவிட்டதாக ஊரில் இன்றும் கதை சொல்கிறார்கள். நீரூற்று இன்றும் அதே இடத்தில் நிற்கிறது.

சட்டம்

4. அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது 1920-ல். ஓரிகன் மக்கள் 1914-லேயே அதற்கு வாக்களித்துவிட்டார்கள். 1916 ஜனவரி முதல் தேதி மாநிலம் வறண்டது. வைன்ஹார்ட் ஆலை குளிர்பானமும் சாராயச்சத்து நீக்கிய பீரும் செய்து உயிரைக் காத்துக்கொண்டது. சிறிய ஆலைகளுக்கு அந்த வசதி இல்லை.

5. 1933-ல் மதுவிலக்கு நீங்கியபோது ஒரு புதிய கட்டுப்பாடு வந்தது. செய்பவர் ஒருவர், மொத்த வியாபாரி ஒருவர், சில்லறையில் ஊற்றிக் கொடுப்பவர் ஒருவர் என மூன்று அடுக்கு. ஒருவர் இன்னொருவர் வேலையைச் செய்யக் கூடாது. ஆலை முதலாளிகளே மதுக்கூடங்களை வைத்துக்கொண்டு ஆட்களை அளவுமீறிக் குடிக்கவைத்த பழைய கொடுமைக்கு இது மருந்து. நல்ல நோக்கம்தான். ஆனால் பத்து மேசை போட்டுத் தன் பீரைத் தானே விற்க நினைத்த சிறு கைவினைஞருக்கும் அதே கதவு அடைபட்டது.

6. வீட்டில் பீர் காய்ச்சுவதும் பல பத்தாண்டுகள் மத்திய அரசின் சட்டப்படி குற்றமாகவே இருந்தது. ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம்தான் அதை மாற்றியது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1970-ல், போர்ட்லண்டின் ஃப்ரெட் எக்கார்ட் வீட்டிலேயே லேகர் காய்ச்சுவது எப்படி என்று ஒரு சிறு நூல் எழுதிவிட்டார். பின்னாளில் தொழில் தொடங்கிய பலர் அந்த நூலைப் படித்துக் கை பழகியவர்கள். 2015-ல் மறைந்த அவரை இந்த ஊர் பீர்க்காரர்கள் ஆசானாகவே நினைக்கிறார்கள்.

7. நகரின் கைவினை பீரைத் தொடங்கிவைத்தவர்களில் திராட்சை மது செய்பவர்களும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் ஒரு வைன்காரர் எடுத்த முதல் முயற்சி இரண்டொரு ஆண்டில் நின்றுபோனது. 1984-ல் வைன் தயாரிப்பாளர்களான டிக், நான்சி பொன்ஸி தம்பதி பிரிட்ஜ்போர்ட் ஆலையைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் கர்ட், ராப் விட்மர் சகோதரர்களும் தொடங்கினார்கள். ஆனால் இரண்டு ஆலைகளும் தங்கள் பீரைத் தங்கள் இடத்திலேயே ஊற்றி விற்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

8. இந்தச் சிலர் சும்மா இருக்கவில்லை. மாநிலத் தலைநகர் சேலத்துக்கு நடையாய் நடந்து சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசினார்கள். 1985-ல் ப்ரூபப் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே மைக், பிரையன் மக்மெனமின் சகோதரர்கள் நகரின் தென்மேற்கே ஹில்ஸ்டேலில் ஒரு பப் திறந்தார்கள். மதுவிலக்குக்குப் பின் ஓரிகனில் எழுந்த முதல் ப்ரூபப் அதுதான். ஊரின் இன்றைய முகம் அந்த ஒரு சட்டத்திலிருந்து தொடங்குகிறது.

9. ஹில்ஸ்டேல்காரர்கள் பழைய இலக்கணம் எதையும் மதிக்கவில்லை. அண்டாவில் மார்ஸ் சாக்லேட் கட்டிகளைக்கூடப் போட்டுப் பார்த்தார்கள். ராஸ்பெரி பழம் சேர்த்துக் காய்ச்சிய 'ரூபி' மட்டும் நிலைத்தது. அதை இன்றும் ஊற்றுகிறார்கள்.

10. அண்டாக்கள் வருமுன்னே நாக்குகளைப் பழக்கிய இடமும் ஒன்று உண்டு. 1976-ல் டான் யங்கர் எடுத்து நடத்தத் தொடங்கிய 'ஹார்ஸ் பிராஸ்' பப், ஆங்கிலேய கிராமத்து மதுக்கூடம் போலவே இருக்கும். சிறிய ஆலைகளின் பீரை யாரும் நம்பாத காலத்தில் தன் குழாய்களில் அதற்கு இடம் கொடுத்தவர் யங்கர். வாங்க ஒருவர் இருந்தால்தானே செய்ய ஒருவர் துணிவார்?

கட்டடம்

11. வடகிழக்குப் போர்ட்லண்டில் 1915-ல் திறந்த ஆரம்பப் பள்ளி ஒன்று. கென்னடி பள்ளி என்று பெயர். 1975-ல் மூடினார்கள். கட்டடத்தை இடிக்கப் போவதாகப் பேச்சு வந்தபோது, அங்கே படித்தவர்களும் அக்கம்பக்கத்தாரும் தடுத்து நின்றார்கள். 1997-ல் மக்மெனமின் சகோதரர்கள் அதை விடுதியாகவும் ப்ரூபப்பாகவும் மாற்றித் திறந்தார்கள். உள்ளே போனால் நீண்ட தாழ்வாரம், இரண்டு பக்கமும் பழைய வகுப்பறைகள். இப்போது அவை தங்கும் அறைகள். சுவரில் கரும்பலகை அப்படியே இருக்கிறது, சாக்பீஸ் வைக்கும் தட்டோடு. பள்ளி அரங்கம் திரையரங்கம் ஆகிவிட்டது, நாற்காலிகளுக்குப் பதில் பழைய சோபாக்கள். கொதிகலன் அறை ஒரு மதுக்கூடம். தவறு செய்த பிள்ளையை நிறுத்திவைக்கும் 'டிடென்ஷன்' பெயரில் ஒன்று, நன்றாகப் படித்த பிள்ளைக்கான 'ஆனர்ஸ்' பெயரில் ஒன்று என இன்னும் இரண்டு. பீர் காய்ச்சும் இடம் முன்பு மாணவியர் கழிப்பறையாக இருந்தது.

12. 1914-ல் கட்டிய 'கிரிஸ்டல் பால்ரூம்' நடன மண்டபத்தின் தரை மிதக்கும் தரை. பலகைகளுக்கு அடியில் உருளும் பொறியமைப்பு இருப்பதால், ஆடுபவர் காலடிக்குத் தரை மெல்ல இழைந்து கொடுக்கும். 1960-களில் ஜேம்ஸ் பிரவுன், மார்வின் கே போன்றவர்கள் பாடிய மேடை அது. பின்பு நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. 1997-ல் மீண்டும் திறந்தபோது அதே கட்டடத்தில் பீர் அண்டாவும் வந்து உட்கார்ந்தது.

13. நகருக்குக் கிழக்கே ட்ரவுட்டேலில் இருக்கும் 'எட்ஜ்ஃபீல்ட்' 1911-ல் எழுந்த ஏழைகள் பண்ணை. ஆதரவற்றவர்கள் தங்கி, உழுது, பால் கறந்து தங்கள் சோற்றைத் தாங்களே விளைவித்துக்கொண்ட அரசு இல்லம். பிறகு முதியோர் இல்லமாக இருந்து, 1982-ல் மூடப்பட்டது. இடிக்க விடாமல் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தினர் போராடினார்கள். 1990-ல் கைமாறி, அடுத்த ஆண்டே பீர் காய்ச்சத் தொடங்கியது. இன்று தோட்டமும் விடுதியும் ஆலையுமாக நிற்கிறது.

14. 1912-ல் ஸ்வீடனிலிருந்து வந்த குடியேறிகள் கட்டிய தேவாலயம், பின்பு துறைமுகத் தொழிலாளர் சங்கக் கூடமானது. 1987-ல் 'மிஷன் தியேட்டர்' என்ற பெயரில், கையில் கோப்பையோடு சினிமா பார்க்கும் பப்பாக மாறியது. இன்று அமெரிக்கா எங்கும் சாதாரணமாகிவிட்ட வழக்கத்தை முன்கூட்டியே காட்டிய இடம்.

15. பிரிட்ஜ்போர்ட் ஆலை இருந்தது 1887-ல் கட்டிய கயிற்று ஆலையில். கப்பல்களுக்குக் கயிறு திரித்த செங்கல் கட்டடம். பேர்ல் வட்டாரம் அப்போது காலிக் கிடங்குகளும் ரயில் தண்டவாளங்களுமாகக் கிடந்தது. வாடகை மலிவு என்பதால்தான் பீர்க்காரர்கள் அங்கே போனார்கள். அவர்களைப் பார்க்கப் போன கூட்டம், அந்த வட்டாரத்தையே ஊருக்கு மீண்டும் அறிமுகப்படுத்தியது.

16. வைன்ஹார்ட்டின் பெரிய ஆலை 1999-ல் மூடப்பட்டது. முழுவதையும் இடிக்கவில்லை. புகைபோக்கியோடு கூடிய பழைய செங்கல் கட்டடத்தைச் சுற்றிக் கடைகளும் அலுவலகங்களும் எழுந்தன. 'ப்ரூவரி பிளாக்ஸ்' என்று இன்றும் அழைக்கிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் அந்தத் தெருக்களில் பரவிய மால்ட் வாசனை மட்டும் இப்போது ஊரெங்கும் சிறு சிறு அடுப்புகளுக்குப் பிரிந்துபோயிருக்கிறது.

வயல்

17. அந்த வாசனை எப்படி இருக்கும்? ஹார்லிக்ஸ் புட்டியைத் திறந்ததும் வருமே, அதேதான். இரண்டுக்கும் மூலம் முளைகட்டிய பார்லி. ப்ரூபப்பில் காய்ச்சும் நாள் காலையிலேயே தொடங்கும். நொறுக்கிய மால்ட்டை ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். முளையில் பிறந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் விடுவார்கள். ஏல் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் கோப்பைக்கு வந்துவிடும். லேகர் குளிரில் பொறுமையாக இன்னும் பல வாரங்கள் கிடக்கும்.

18. கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ். வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தவர்களுக்கு ஹாப்ஸ் தோட்டம் சட்டென்று புரியும். ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் உயரப் பந்தல், மேலிருந்து தொங்கும் கயிறுகள், கயிற்றைச் சுற்றி ஏறும் கொடி. சூரியன் நகரும் திசையிலேயே சுற்றும். உச்ச வளர்ச்சிக் காலத்தில் ஒரே நாளில் ஓர் அடிகூட ஏறிவிடும். பெண் கொடியின் பூங்கொத்து மட்டுமே பயன். தாவரவியலில் இது கஞ்சாவின் குடும்பம். ஆனால் கஞ்சாவின் போதைச்சத்து இதில் கிடையாது.

19. கோடையில் பகல் நீண்டிருந்தால்தான் ஹாப்ஸ் நன்றாகப் பூக்கும். நிலநடுக்கோட்டுக்கும் வடதுருவத்துக்கும் சரிபாதியான 45-வது அட்சரேகை வில்லாமெட் பள்ளத்தாக்கின் ஊடாகவே போகிறது. போர்ட்லண்டில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். அமெரிக்காவின் ஹாப்ஸில் மிகப் பெரும்பகுதி வாஷிங்டன், ஐடஹோ, ஓரிகன் மாநிலங்களில் விளைவதற்கு இதுவும் ஒரு காரணம். பள்ளத்தாக்கின் இன்டிபெண்டென்ஸ் என்ற சிற்றூர், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தன்னை 'உலக ஹாப்ஸ் தலைநகர்' என்று அழைத்துக்கொண்டது. அறுவடைக் காலத்தில் நகரத்துக் குடும்பங்கள் கூடாரம் அடித்துத் தங்கிப் பூப்பறித்தன.

20. அமெரிக்கக் கைவினை பீரின் மணத்தை மாற்றியது ஒரு வேளாண் ஆராய்ச்சி. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் கார்வாலிஸ் ஊரில், மத்திய வேளாண் துறையின் ஹாப்ஸ் திட்டம் 1956 முதல் வளர்த்துத் தேர்ந்த ரகம் 1972-ல் வெளியானது. பெயர் 'கேஸ்கேட்', அருகிலுள்ள மலைத்தொடரின் பெயர். ஒரு காய்ந்த பூங்கொத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். இதழ்கள் காகிதம்போல் நொறுங்கும். காம்போரம் மஞ்சள் பொடி விரலில் பிசுக்கென்று ஒட்டும். முகர்ந்தால் பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளிய மணமும் பைன் மரப் பிசின் மணமும் சேர்ந்து வரும். ஐரோப்பிய ஹாப்ஸ் பழகிய மூக்குகளுக்கு முதலில் இது முரட்டு மணமாக இருந்தது. பின்பு அதுவே அமெரிக்க ஏலின் அடையாளமாயிற்று.

21. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஹாப்ஸ் அறுவடை. பறித்ததும் உலர்த்திவிடுவதுதான் வழக்கம். ஆனால் தோட்டம் பக்கத்திலேயே இருக்கும் ஊருக்கு இன்னொரு வழியும் உண்டு. காலையில் பறித்த பச்சைப் பூவை வண்டியில் ஏற்றி, அன்றே அண்டாவில் போட்டுவிடலாம். 'ஃப்ரெஷ் ஹாப்' பீர் என்பது இதுதான். பச்சைப் பூவில் பெரும்பகுதி ஈரம் என்பதால், காய்ந்ததைவிடப் பலமடங்கு எடை வேண்டும். மணம் வாடுமுன் குடித்துவிட வேண்டும். அதனால் ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே குழாயில் ஓடும். மாம்பழக் காலத்துக்குக் காத்திருக்கும் நம் ஆவலோடு இந்த ஊர் செப்டம்பருக்குக் காத்திருக்கிறது.

22. ஈஸ்டும் அக்கம்பக்கத்துச் சரக்குதான். 1986-ல் ஹூட் ரிவர் பகுதியில் தொடங்கிய 'வையீஸ்ட்' ஆய்வுக்கூடம், உயிருள்ள திரவ ஈஸ்டை உலகெங்கும் அனுப்புகிறது. பழங்குடி மக்கள் ஹூட் மலைக்கு வைத்த பெயர் வையீஸ்ட். ஈஸ்ட் என்ற சொல்லும் அதில் ஒளிந்திருப்பது அழகான பொருத்தம்.

23. சாறு வடித்தபின் மிஞ்சும் பார்லிச் சக்கை வீணாவதில்லை. புரதமும் நாரும் நிறைந்த அந்தச் சக்கையைச் சுற்றுவட்டாரப் பண்ணைகள் மாட்டுத் தீவனமாக எடுத்துப்போகின்றன. எண்ணெய் ஆட்டியபின் புண்ணாக்கு தொழுவத்துக்குப் போவது போலத்தான்.

கோப்பை

24. 1986-ல் விட்மர் சகோதரர்களிடம் நொதிக்கவைக்கும் தொட்டிகள் இரண்டே இரண்டு. நகரின் டப்ளின் பப் உரிமையாளரோ மூன்றாவது வகை பீர் வேண்டும் என்று கேட்டார். புதிய தொட்டி வாங்க வழியில்லை. செய்துகொண்டிருந்த கோதுமை பீரில் ஒரு பகுதியை வடிகட்டாமல் கலங்கலாகவே கொடுத்தார்கள். அந்தக் கலங்கல் 'ஹெஃபவைசன்' எலுமிச்சைத் துண்டோடு ஊரெங்கும் பரவி, கம்பெனியின் பெயரையே நிலைநாட்டியது. பற்றாக்குறையே புதிய பண்டத்துக்குத் தாயானது.

25. இந்த ஊரில் அதிகம் விரும்பப்படும் ஐ.பி.ஏ.வின் விரிவு 'இந்தியா பேல் ஏல்'. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயருக்கு வந்த பீரின் வழிவந்தது. கடற்பயணத்தைத் தாங்கவென்றே லண்டன்காரர் ஒருவர் இதைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. ஹாப்ஸ் மிகுந்த வெளிறிய ஏல் அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது. போர்ட்லண்டின் பிரேக்சைட் ஆலை 2010-ல் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில், 2014-ல், அதன் ஐ.பி.ஏ. டென்வரில் நடக்கும் தேசியப் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கியது.

26. 'கோல்ட் ஐ.பி.ஏ.' என்ற வகை பிறந்ததே போர்ட்லண்டில்தான். 2018-ல் வேஃபைண்டர் ஆலையின் காய்ச்சுநர் கெவின் டேவி உருவாக்கினார். பார்லியோடு அரிசியோ சோளமோ சேர்த்து உடலை இலேசாக்கி, லேகர் ஈஸ்டை வழக்கத்தைவிடச் சற்று வெதுவெதுப்பில் வேலை செய்யவிட்டு, ஹாப்ஸை எடுப்பாக நிறுத்தினார். அரிசி சேர்ப்பது மலிவு பீரின் தந்திரம் என்று இளக்காரமாகப் பேசிவந்த உலகில், அரிசிக்கு மரியாதை தேடிக் கொடுத்த பீர் இது.

27. இட்லி மாவைப் புளிக்கவைப்பது லாக்டிக் அமில பாக்டீரியா. புளிப்பு பீரைப் புளிக்கவைப்பதும் அதே இனத்து நுண்ணுயிர்கள்தான். கேஸ்கேட் ஆலை ஏலை மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் கிடத்தி, செர்ரியும் ஆப்ரிகாட்டும் சேர்த்து 'வடமேற்குப் புளிப்பு' என்ற பாணியையே உண்டாக்கியது. அதற்கென்றே 2010-ல் ஒரு பீப்பாய்க் கூடமும் திறந்தது. மாவு பொங்கும் பக்குவத்தை மோந்தே சொல்லிவிடும் நம் பாட்டிமார்களுக்கு இந்த வேலையின் சூட்சுமம் சட்டென்று பிடிபடும்.

28. ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் ஒரு காலத்தில் 'ஆதாம்' என்ற கனத்த கறுப்பு பீர் இருந்து, வழக்கொழிந்துபோனது. 1993-ல் 'ஹேர் ஆஃப் தி டாக்' ஆலையைத் தொடங்கிய ஆலன் ஸ்ப்ரின்ட்ஸ், ஃப்ரெட் எக்கார்ட் தேடிச் சேர்த்த குறிப்புகளின் துணையோடு அதற்கு உயிர் கொடுத்தார். பின்பு 'ஃப்ரெட்' என்றே ஒரு பீருக்குப் பெயரிட்டு, அந்த ஆசானுக்கு நன்றி சொன்னார்.

29. கோதுமையும் பார்லியும் ஒத்துக்கொள்ளாதவர்கள் என்ன செய்வது? 2011-ல் தொடங்கிய, பின்னாளில் 'கிரவுண்ட் பிரேக்கர்' எனப் பெயர் மாறிய போர்ட்லண்ட் ஆலை, வறுத்த செஸ்ட்நட் கொட்டையையும் பயறையும் கொண்டு குளூட்டன் இல்லாத பீர் காய்ச்சியது. குளூட்டன் உள்ள தானியம் எதுவும் அந்த அண்டாவைத் தொட்டதே இல்லை.

30. அமெரிக்க பைன்ட் என்றால் 16 அவுன்ஸ், அதாவது 473 மி.லி. ஆனால் அடிப்பாகம் தடித்த சில கண்ணாடிக் கோப்பைகள் 14 அவுன்ஸ் மட்டுமே கொள்ளும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்கூட வித்தியாசம் தெரியாது. தண்ணீர் ஊற்றி அளந்தால்தான் ஏறத்தாழ 60 மி.லி. குறைவது தெரியும். போர்ட்லண்டின் பீர் எழுத்தாளர் ஜெஃப் ஆல்வொர்த் 'நேர்மையான பைன்ட்' என்று ஓர் இயக்கமே நடத்தினார். படி குறையாமல் அளப்பது எந்த ஊர் வியாபாரத்துக்கும் முதல் அறம்.

31. பலவகை இருக்கிறதே என்று முழுக் கோப்பைகளாக வாங்க வேண்டியதில்லை. மரத்தட்டில் குழி வெட்டி நான்கைந்து சிறு கோப்பைகள் வைத்துத் தருவார்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 120 மி.லி. இதற்கு 'ஃப்ளைட்' என்று பெயர். வெளிறியதில் தொடங்கிக் கறுத்ததில் முடிப்பது முறை. கசப்பானதை முதலில் குடித்தால் மென்மையானது நாக்குக்கு எட்டாது.

32. காலிப் புட்டிக்கு முன்பணம் வைத்துத் திருப்பித் தரும் சட்டத்தை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்தது ஓரிகன், 1971-ல். ஆளுநர் டாம் மக்கால். முன்பு 5 சென்ட், 2017 முதல் 10 சென்ட். 2018-ல் இன்னொரு படி ஏறினார்கள். பல ஆலைகள் ஒரே வடிவப் புட்டியைப் பயன்படுத்தி, கழுவி, மீண்டும் நிரப்பும் மாநிலம் தழுவிய ஏற்பாடு. நம் ஊர் கோலி சோடாக்காரர் என்றைக்கும் செய்துவந்த வேலை.

33. அதே மக்கால் பெயரில் ஆற்றங்கரையில் ஒரு பூங்கா இருக்கிறது. 1970-களில் ஒரு நெடுஞ்சாலையைப் பெயர்த்தெடுத்துப் புல்வெளியாக்கிய இடம். 1988-ல் ஓரிகன் பீர்த் திருவிழா தொடங்கியது அங்கேதான். கார்களிடமிருந்து மீட்ட கரையில் ஊர் கூடியது.

34. ஓரிகனில் மது அருந்த 21 வயது நிறைய வேண்டும். ஆனாலும் பல ப்ரூபப்களில் சாப்பாட்டுப் பகுதிக்குள் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். பாட்டி சூப் குடிக்க, பேரன் உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட, அப்பா ஒரே கோப்பையோடு எழுந்துவிடும் மேசைகள் அங்கே சகஜம். தலைகுனிந்து நுழைந்து, தலைமறைவாக வெளியேறும் இடமாக மது இருக்கவேண்டியதில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

35. ஓரிகனில் வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் 0.08 சதவீதம் எட்டினால் குற்றம். இந்தியாவில் வரம்பு அதைவிடக் கடுமை, 0.03. போர்ட்லண்டில் 'மேக்ஸ்' ரயிலும் டிராமும் பல பீர்க் கூடங்களின் பக்கத்திலேயே நிற்கும். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. இந்தக் கூடங்களில் வேடிக்கை பார்க்கவும் சாப்பிடவும் நிறையவே இருக்கிறது.

36. எல்லாக் கதவுகளும் திறந்தே இருப்பதில்லை. பிரிட்ஜ்போர்ட் 2019-ல் மூடியது. விட்மர் சகோதரர்களின் பப்பும் அதே ஆண்டில் நின்றது. ஸ்ப்ரின்ட்ஸ் ஓய்வுபெற்றதும் 2022-ல் ஹேர் ஆஃப் தி டாக் அடைத்தது. ஆனால் கைப்பக்குவம் ஓர் ஆலையோடு முடிவதில்லை. மக்மெனமின் அண்டாவில் கை பழகிய ஜான் ஹாரிஸ், டெஷூட்ஸ் ஆலைக்குப் போய் மிரர் பாண்ட் ஏலையும் பிளாக் பட் போர்ட்டரையும் உருவாக்கினார். பின்பு ஃபுல் செயில், அதன்பின் 2013-ல் சொந்தமாக எக்லிப்டிக். அவரிடம் கற்றவர்கள் இன்று வேறு அண்டாக்களின் முன் நிற்கிறார்கள்.

37. கடைசியாக ஒன்று. வேலி போட்டுக் காத்த காடு, ஆராய்ச்சிக்கூடம் வளர்த்த கொடி, இடிபடாமல் தப்பிய பள்ளிக்கூடம், நாலு பேர் நடந்து வாங்கிய சட்டம். போர்ட்லண்டின் ஒரு கோப்பையில் இத்தனையும் சேர்ந்திருக்கிறது. செய்பவர் முகம் உண்பவருக்குத் தெரியும்படி ஓர் ஊர் தன் பண்டத்தை வைத்துக்கொண்டால், அந்தப் பண்டத்தின் பின்னால் இருக்கும் நீரும் நிலமும் தெரியவரும். தெரிந்ததைத்தானே காப்பாற்றத் தோன்றும்? கென்னடி பள்ளியின் கரும்பலகைகள் இன்னும் சுவரில் இருப்பது அப்படித்தான்.